உங்களுக்குத் தெரியுமா? ஷார்ப்பான ஜூம் லென்ஸ் ஸ்பெஷல்!

செவ்வாய் கிரகத்தில் ஜூம் லென்ஸ் இருக்கிறது! நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி அதைச் சுமந்துகொண்டு 2021 பிப்ரவரி 18 அன்று அங்கே போய் இறங்கியது. பெயர் மாஸ்ட்கேம்-இசட். 26 முதல் 110 மி.மீ. வரை ஜூம் ஆகும். கால்பந்து மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் ஈயைப் பார்த்துவிடும்!

அந்தக் கேமரா எத்தனை மெகாபிக்சல், சொல்லுங்கள் பார்க்கலாம்? 50? 100? வெறும் 2! ஆமாம், இரண்டே இரண்டு!

அதற்கு முன் 2012-ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டிக்கும் ஜூம் வேண்டும் என்று மல்லுக்கட்டியவர் யார் தெரியுமா? 'டைட்டானிக்', 'அவதார்' எடுத்த ஜேம்ஸ் கேமரூன்! நேரம் போதாமல் அந்த ஜூம் கைவிடப்பட்டது. 34 மி.மீ. ஒன்று, 100 மி.மீ. ஒன்று என ஜூம் ஆகாத இரண்டு லென்ஸோடுதான் கியூரியாசிட்டி போனது!

ஜூம் லென்ஸ் நேற்று முளைத்தது என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் கிளைல் ஆலன் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1902!

போட்டோ கேமராவுக்கு அது வந்து சேர இன்னும் 57 வருடம் பிடித்தது. 1959-ல் வந்தது வோய்க்லாண்டர் ஸூமார். 36 முதல் 82 மி.மீ. வரை ஜூம். உள்ளே 14 கண்ணாடி. முன்னால் மாட்டும் ஃபில்டரின் அகலம் 95 மி.மீ.!

இன்னும் கேளுங்கள். அந்த முதல் ஜூமே எஃப் 2.8, அதாவது வெளிச்சத்துக்கு அகலமாக வாய் திறக்கும் லென்ஸ்! இன்று புரொஃபஷனல்கள் கேட்டு வாங்கும் அதே 2.8, அறுபது வருடங்களுக்கு முன்பே!

அதே வோய்க்லாண்டர்தான் 1840-ல் பெட்ஸ்வால் போர்ட்ரெய்ட் லென்ஸையும் செய்தது. அதற்குக் கணக்குப் போட உதவியவர்கள் யார் தெரியுமா? ஆஸ்திரிய பீரங்கிப் படை வீரர்கள்! கம்ப்யூட்டர் இல்லாத காலம். பேப்பரும் பேனாவும்தான்!

1963-ல் வந்த நிக்கான் 43-86 மி.மீ. ஜூமை அந்தக் காலத்தில் வாங்காதவர் குறைவு. ஆனால் நேர்க்கோடு அதில் நேராகவே விழாது! வளைவுக்குப் பெயர்போன லென்ஸ் அது. 1976-ல் உள்ளே இருந்த 9 கண்ணாடியை 11 ஆக்கினார்கள். பெயர் அதேதான், படத்தின் தரமோ எங்கேயோ உயர்ந்துவிட்டது!

கிட் லென்ஸா, 2.8 லென்ஸா?

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் பெரும் பங்கு கேனான் 300டி கேமராவுக்கு உண்டு. வருடம் 2003. 1000 டாலருக்குள் கிடைத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். கூட வந்த லென்ஸின் எடை வெறும் 190 கிராம்!

அந்த லென்ஸை 55 மி.மீ.க்குத் திருப்பினால் அப்பர்ச்சர் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். எஃப் 2.8 ஜூம் சுருங்காது. வித்தியாசம் என்ன? உள்ளே வரும் வெளிச்சம் 4 மடங்கு!

கல்யாண மண்டபத்தில் கிட் லென்ஸ் 1/30 நொடி கேட்கும் இடத்தில் 2.8 லென்ஸ் 1/125 நொடியில் வேலையை முடித்துவிடும். மாப்பிள்ளை தலையைத் திருப்பினாலும் படம் கலங்காது!

இது பலருக்குத் தெரியாத சங்கதி. பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் நடு ஃபோகஸ் புள்ளி, எஃப் 2.8 லென்ஸ் மாட்டினால் மட்டுமே முழு நுணுக்கத்தோடு வேலை செய்யும். நீங்கள் எஃப் 8-ல் படம் எடுத்தாலும் சரி! ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முழுசாகத் திறந்துதான் இருக்கும்!

2006-ல் இரண்டு லென்ஸ்கள் ஒரே வருடத்தில் மோதின. கேனான் 17-55 எஃப் 2.8, எடை 645 கிராம். டாம்ரான் 17-50 எஃப் 2.8, எடை சுமார் 430 கிராம். பர்ஸ் மெலிந்தவர்கள் எல்லாம் டாம்ரான் பக்கம் சாய்ந்தார்கள்!

பிறகு டாம்ரான் அதே லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதியைச் சேர்த்தது. எடை கூடியது, விலை கூடியது. ஆனால் பழையதுதான் ஷார்ப் என்று இன்றும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்! புதுசு என்றாலே ஷார்ப் என்று யார் சொன்னது?

18-ல் தொடங்கி 400-ல் முடியும் ஒரே லென்ஸ்! 2017-ல் டாம்ரான் கொண்டுவந்தது. 22.2 மடங்கு ஜூம்!

ஷார்ப் என்று பேர் வாங்கிய ஜூம்களை எடுத்துப் பாருங்கள். 24-70 எத்தனை மடங்கு? 2.9. 17-50? அதுவும் 2.9. பெரும்பாலும் எல்லாமே 3 மடங்குக்குள்தான்!

சிக்மா 18-35 இன்னும் கஞ்சன். 2 மடங்குகூடக் கிடையாது. பதிலுக்கு என்ன தந்தது? எஃப் 1.8! 2013-ல் வந்தபோது, கடைசிவரை 1.8 தரும் ஜூம் என்று டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு வேறு எதுவுமே இல்லை!

11 வருடம் கழித்து ஃபுல்ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்கும் அதே சிக்மா 1.8 ஜூமைச் செய்து காட்டியது. 28-45 மி.மீ. ஜூம் அளவு? 1.6 மடங்குதான்!

எடை பார்த்து ஏமாறாதீர்கள்!

கனமான லென்ஸ்தான் ஷார்ப் என்று நினைத்தீர்களா? சோனி 24-70 ஜி.எம். 2016-ல் 886 கிராம். 2022-ல் வந்த இரண்டாம் பதிப்பு 695 கிராம்!

இன்னும் ஆச்சரியம் பாக்கி இருக்கிறது. பழையதில் 18 கண்ணாடி, புதியதில் 20. கண்ணாடி கூடியது, எடை 191 கிராம் குறைந்தது!

கேனான் 24-70 எஃப் 2.8 லென்ஸும் அப்படித்தான். 2002-ல் 950 கிராம். 2012-ல் 805 கிராம்!

ஃபியூஜிஃபிலிம் 16-55 எஃப் 2.8 எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. 2015-ல் 655 கிராம். 2024-ல் 410 கிராம்!

எஃப் 2.8 ஜூம் 300 கிராமுக்குள் வருமா? வரும்! சிக்மா 18-50, 2021-ல் வந்தது. எடை 290 கிராம்தான்! சின்ன சென்சார் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஜாக்பாட்!

மறுகோடியையும் பாருங்கள். கேனான் ஆர்.எஃப். 28-70 எஃப் 2. எடை 1,430 கிராம்! ஒரே ஒரு லென்ஸ்! நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்ற முடியுமா, யோசித்துக்கொள்ளுங்கள்!

சோனி அதே 28-70 எஃப் 2-வை 2024-ல் 918 கிராமில் முடித்துவிட்டது. அரைக்கிலோ மிச்சம்!

கண்ணாடிக் கணக்கு

பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒளி பட்டால் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போய்விடும். நல்ல ஜூம் ஒன்றில் காற்றைத் தொடும் பரப்புகள் 26 என்று வையுங்கள். கணக்குப் போட்டால் கடைசியில் சென்சாருக்கு வந்து சேர்வது வெறும் 35 சதவீதம்!

பூச்சு போட்டு இழப்பை அரை சதவீதமாக்கினால்? வந்து சேர்வது 88 சதவீதம்! நீலமும் ஊதாவுமாக லென்ஸில் மின்னுகிறதே, அந்தப் பூச்சின் மகிமை இது!

இந்தப் பூச்சைக் கண்டுபிடித்தவர் ஜெய்ஸ் கம்பெனியின் அலெக்சாண்டர் ஸ்மகூலா. வருடம் 1935. ஜெர்மனி அதை ராணுவ ரகசியமாகவே பூட்டி வைத்திருந்தது!

அதற்கும் முன்பே, 1890-களில், இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நாள்பட்டு மங்கிய பழைய லென்ஸ், புத்தம்புது லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது! அழுக்கு என்று நினைத்ததே பூச்சாக வேலை செய்திருக்கிறது!

லென்ஸுக்கு முன்னால் நீங்கள் மாட்டும் மலிவு ஃபில்டரால் பரப்பு 26-லிருந்து 28 ஆகிறது. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய லென்ஸுக்கு முன்னால் நூறு ரூபாய்க் கண்ணாடி! எதிர்வெளிச்சத்தில் படம் வெளுக்க அது ஒன்றே போதும்!

முன் கண்ணாடியில் சின்னக் கீறலா? பதறாதீர்கள், பெரும்பாலும் படத்தில் தெரியவே தெரியாது! உள்ளே ரெண்டு தூசியா? அதுவும் தெரியாது! விரல் ரேகை பட்டால்தான் படத்தின் பளிச் போய்விடும்!

எஃப் 8-ன் மந்திரம்!

உங்கள் லென்ஸ் முழுசாகத் திறந்திருக்கும்போது அதன் முழுத் திறமை வெளியே வராது. ஒன்றோ இரண்டோ ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதி பாதியாகக் குறையும் படி, மூடுங்கள். எஃப் 5.6, எஃப் 8. கிட் லென்ஸ்கூட அங்கே பெரிய லென்ஸோடு தோளோடு தோள் நிற்கும்! செலவு? பூஜ்யம்!

மூட மூட ஷார்ப் என்று எஃப் 22-க்குப் போய்விடாதீர்கள்! அங்கே ஒளி வளைந்து பரவும். ஒரே ஒரு ஒளிப்புள்ளி 0.03 மி.மீ. வட்டமாக விரியும். 24 மெகாபிக்சல் சின்ன சென்சாரில் அது 7 பிக்சலுக்கு மேல் அகலம்! எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் தப்ப முடியாது!

அந்த பிக்சலின் அகலம் எவ்வளவு தெரியுமா? 0.0039 மி.மீ.! ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பதினைந்துக்கு மேல் அடங்கிவிடும்!

70 மி.மீ., எஃப் 2.8, ஆள் நிற்பது 2 மீட்டர் தூரத்தில். ஃபுல்ஃப்ரேம் கேமராவில் ஷார்ப்பாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 13 செ.மீ.! மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் காது கலங்கலாம். லென்ஸ் மேல் பழி போடாதீர்கள்!

கேமரா செய்யும் மாயம்

படத்தில் நீங்கள் பார்க்கும் வண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு கேமரா ஊகித்துப் போட்டது! ஒரு பிக்சல் பச்சை, சிவப்பு, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பதிவு செய்யும். மிச்சம் இரண்டும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துப் போட்ட கணக்கு. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றும் பெரும்பாலான கேமராக்கள் அப்படித்தான்!

படத்தை வேண்டுமென்றே லேசாகக் கலங்கடிக்கும் ஒரு ஃபில்டரை கேமரா கம்பெனிகளே சென்சார் மேல் ஒட்டி வைத்திருந்தன! துணி நெசவு போன்ற நுண்ணிய கோடுகளில் பொய் வரிகள் விழாமல் தடுக்கத்தான். 2013-ல் வந்த நிக்கான் டி7100 அதைத் தூக்கி எறிந்தது. லென்ஸ் மாற்றாமலே படம் ஷார்ப்!

மெகாபிக்சல் இரண்டு மடங்கானால் விவரமும் இரண்டு மடங்கு என்று நினைக்கிறீர்களா? 24-லிருந்து 48-க்குப் போனால் நீளவாக்கில் கூடுவது 1.41 மடங்குதான். இரண்டு மடங்கு வேண்டுமா? 96 மெகாபிக்சல் வேண்டும்!

உங்கள் வீட்டு 4கே டி.வி.யில் மொத்தப் பிக்சல்கள் 83 லட்சம். 24 மெகாபிக்சல் படத்தில் 2 கோடியே 40 லட்சம். பெரிய டி.வி.யில் போட்டாலும் மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் கண்ணுக்கு வருகிறது!

சில நவீன ஜூம்களில் கேமரா திருத்தாவிட்டால் படத்தின் மூலை கறுப்பாகவே இருக்கும்! கேனான் ஆர்.எஃப். 24-240 லென்ஸை 24 மி.மீ.யில் வைத்து, திருத்தாத ரா கோப்பைத் திறந்து பாருங்கள். ஓரங்களை மென்பொருள் இழுத்துச் சரிசெய்த பிறகுதான் படம் முழுசாகிறது!

ஃபுல்ஃப்ரேம் லென்ஸைச் சின்ன சென்சார் கேமராவில் மாட்டினால் ஃபுல்ஃப்ரேம் பரப்பில் சுமார் 42 சதவீதம்தான் பயன்படும். கலங்கலான ஓரம் வெட்டுப்பட்டுப் போவதால் லாபம்!

ஆனால் நஷ்டமும் உண்டு. 24 மி.மீ. ஃபுல்ஃப்ரேமில் 84 டிகிரி பார்க்கும். சின்ன சென்சாரில் 61 டிகிரிதான்! வீட்டு ஹாலில் குடும்பப் படம் எடுக்கும்போது முதுகு சுவரில் இடிக்கும். தினப்படி ஜூம் வேண்டுமென்றால் 16, 17, 18-ல் தொடங்குவதைப் பாருங்கள்!

கை ஆடினால் காசு போச்சு!

சாதாரணமாக நடக்கும் ஆள் 1/60 நொடியில் எவ்வளவு நகர்வார்? 2.3 செ.மீ.! எந்த லென்ஸ் போட்டாலும் அந்தக் கலங்கல் போகாது. 1/500-க்குப் போங்கள், 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்!

கை நடுக்கத்தைத் தடுக்கும் முதல் எஸ்.எல்.ஆர். லென்ஸ் எது? கேனான் 75-300 ஐ.எஸ்., 1995!

25 வருடம் கழித்து கேனான் ஆர்5 கேமராவும் ஆர்.எஃப். 24-105 எஃப் 4 லென்ஸும் சேர்ந்து 8 ஸ்டாப் வரை தாங்கும் என்று கம்பெனி அறிவித்தது. 8 ஸ்டாப் என்றால் 256 மடங்கு!

ஆனால் அந்த வித்தை உங்கள் கையை மட்டும்தான் நிறுத்தும். ஓடும் குழந்தையை நிறுத்தாது! அதற்கு வேகமான ஷட்டர்தான் வேண்டும்!

நம்ம ஊர் வெயில், நம்ம ஊர் ஈரம்!

சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் அலையலையாகக் காற்று ஆடுகிறதே, அதன் வழியே தூரத்துப் படம் எடுத்தால் உலகின் மிக ஷார்ப்பான லென்ஸும் தோற்றுவிடும்! அதே இடத்துக்குக் காலை 6 மணிக்கு வாருங்கள், அதே லென்ஸ் ஜெயிக்கும்!

ஏ.சி. அறையிலிருந்து லென்ஸை நேரே சென்னை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பனியே பிடிக்காது!

லென்ஸுக்குள் பூஞ்சை முளைக்கும்! கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். அதற்கு வேண்டியது ஈரமும் இருட்டும்தான். கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை! சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சைக்கு வழியில்லை!

வாங்கும் முன் 12 படம்!

கம்பெனிகள் ஷார்ப்னஸுக்கு வெளியிடும் எம்.டி.எஃப். கோடுகள் பல நேரம் எந்த லென்ஸையும் அளந்து போட்டதல்ல. கம்ப்யூட்டரில் கணக்கிட்டது! உங்கள் கைக்கு வரும் லென்ஸ் அப்படியே இருக்கும் என்று அந்தக் கோடு சொல்லவே இல்லை!

ஒரே மாடல், ஒரே தொழிற்சாலை, இரண்டு லென்ஸ். ஒன்று ஷார்ப், இன்னொன்று சுமார். இப்படியும் நடக்கும்! ஜூமில் நகரும் பாகங்கள் அதிகம். ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும்!

அதனால்தான் சிக்மா தன் ஆர்ட் வரிசை லென்ஸ்களை ஒன்றுவிடாமல் சோதித்து அனுப்புகிறது. ஏ1 என்ற அந்தச் சோதனைக் கருவிக்குள் இருப்பது 46 மெகாபிக்சல் சென்சார்!

உங்களுக்கு அந்தக் கருவியெல்லாம் வேண்டாம். பழைய பேப்பர் போதும்! வரி விளம்பரப் பக்கங்களைச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். டிரைபாடில் கேமராவைச் சுவருக்கு நேராக நிறுத்துங்கள். 2 விநாடி டைமர் போடுங்கள். 24-70 எஃப் 2.8 லென்ஸ் என்றால் 24, 50, 70 என மூன்று இடத்தில் ஜூம். ஒவ்வொன்றிலும் எஃப் 2.8, 4, 5.6, 8. மொத்தம் 12 படம்!

இப்போது கம்ப்யூட்டரில் 100 சதவீதம் பெரிதாக்கி நாலு மூலைக்கும் போங்கள். 'வீடு வாடகைக்கு' விளம்பரத்தின் பொடி எழுத்து மூன்று மூலையில் படிக்க வருகிறது, நாலாவதில் மட்டும் கரைந்துபோயிருக்கிறதா? உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம். சுவருக்கு நேராக வைத்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். மறுபடியும் அதே மூலைதானா? அந்த லென்ஸ் வேண்டவே வேண்டாம்!

நாலு மூலையும் ஒரே அளவு லேசாக மங்கினால்? பயப்படாதீர்கள்! எஃப் 5.6 படத்தைத் திறங்கள், பெரும்பாலும் எல்லாம் தெளிந்திருக்கும்!

கடையில் இத்தனைக்கும் நேரம் தரமாட்டார்களா? பெரிய நகரங்களில் லென்ஸ் ஒரு நாள் வாடகைக்கே கிடைக்கிறது. மாடல் பிடிக்கிறதா என்று அதில் பாருங்கள். வாங்கிய லென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பேப்பரை ஒட்டிவிடுங்கள்!

கேனான் மட்டுமே 2021-க்குள் 15 கோடி லென்ஸ் செய்து முடித்திருக்கிறது! அத்தனையிலும் உங்கள் கேமராவில் மாட்டப்போவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் பற்றி உலகத்தில் எந்த விமர்சகருக்கும் தெரியாது. 12 படம் எடுங்கள், உங்களுக்குத் தெரிந்துவிடும்!